ஏணி மேல் மூன்றாம் வகுப்பு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மனிதர்களைப் பார்ப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலை பின்னுக்குச் சாய்ந்துவிடும். கண் நேரே கூரைக்குப் போகும். அங்கே மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் வலது கையை இடுப்பு உயரத்தில் மல்லாத்தி நீட்டி, விழுகிற காற்றை எடைபோடுவார். பிறகு ஒரு காதை மட்டும் அதற்குக் கொடுப்பார். உதடு லேசாக அசையும். "பேரிங்" என்றோ "கண்டென்சர்" என்றோ தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் கழுத்து இறங்கி, "நல்லாயிருக்கீங்களா?" என்ற கேள்வி வரும். துக்க வீட்டிலும் இதே வரிசைதான். தூரத்து உறவுக்காரர் ஒருவர் தவறிப்போனபோது இவர் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்ததைக் கண்ட இரண்டு பெண்கள், போன உயிரை இவர் கண்ணாலேயே வழியனுப்புகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுதார்கள்.

தெருவில் அவருக்கு ஃபேன்காரர் என்று பெயர். மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று சுற்றுகிற எதையும் பிரித்து, எரிந்துபோன காயிலை உருவி எறிந்துவிட்டு, புதுச் செம்புக்கம்பி சுற்றித் தருவார். கடை ஒரு ஷட்டர் அகலம். இறக்கை கழற்றிய விசிறிகள் ஒரு பக்கம், விசிறி இல்லாத இறக்கைகள் மறு பக்கம். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் அவர்.

அவருடைய மனைவி மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆனால் நிரந்தரம் இல்லை, தற்காலிகம். இதற்கு முன் இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளைத் தற்காலிகமாகவே வைத்திருந்து, 'வாழ்த்துகள்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தன. கடைசியாக அப்படி அனுப்பப்பட்டபோது அவள் அழவில்லை. கைப்பையில் ஒரு சாக்பீஸ் துண்டைப் போட்டுக்கொண்டு பல மாதம் திரிந்தாள். சில்லறைக்காகப் பையைத் திறக்கும்போதெல்லாம் விரல் நுனியில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வரும். அதை அவர் பார்த்திருக்கிறார். பார்க்காததுபோல் மேலே ஃபேனைப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர்கள் இரண்டு பேர், இவளும் பக்கத்து வகுப்பு டீச்சரும். நிரந்தர இடம் ஒன்று. கல்வி அதிகாரி ஆளுக்கு ஒரு நாள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு பேரும் நடத்துகிற திருப்புதல் வகுப்பைப் பார்ப்பார். தேறுகிறவருக்கு இடம். மற்றவருக்கு வாழ்த்துகள்.

"இந்தத் தடவையும் போச்சுன்னா, பேசாம உங்க கடையில வந்து உக்காந்துடுறேன்" என்றாள் டீச்சர்.

ஃபேன்காரர் கடையை நினைத்துப் பார்த்தார். இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒருமுறை அவள் கடையில் உட்கார்ந்திருந்தாள். மிக்ஸியோடு வந்த ஒருவரிடம், "எரிஞ்சுபோச்சுன்னு மொட்டையா சொல்லாதீங்க. எது எரிஞ்சுது? எப்ப எரிஞ்சுது? முழு வாக்கியமா சொல்லுங்க" என்றாள். அவர் மிக்ஸியை அணைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். இருந்தாலும் ஃபேன்காரரின் கவலை கடையைப் பற்றியது மட்டும் இல்லை. அந்தச் சாக்பீஸ் துண்டை இன்னொரு முறை பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

திருப்புதலுக்கு மூன்று பாடங்களை மேலிடமே குறித்து அனுப்பியிருந்தது: எது எதைத் தின்கிறது என்கிற உணவுச் சங்கிலி, பறத்தல், கடல்வாழ் உயிரினங்கள். மூன்றையும் ஒரே பீரியடில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

"ஒத்திகைக்கு ஒரு மாணவன் வேணும்" என்றாள் டீச்சர், மாலை டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே. வீட்டில் இருந்த ஆண்கள் இரண்டு பேர். ஒருவன் அவளுடைய தம்பி. வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு, வேலை கண்ணில் படாத இடமாகப் பார்த்துப் படுத்திருப்பவன். அவன் உடனே குறட்டை விட்டான். மிச்சம் ஃபேன்காரர்.

குட்டை முக்காலி போடப்பட்டது. முழங்கால் இரண்டும் காதுக்கு வர, அவர் அதில் உட்கார்ந்தார்.

"யோசிக்கக் கூடாது. வாயில எது முதல்ல வருதோ அதைச் சொல்லணும். சரியா? புல்லை யார் தின்னும்?"

"மாடு."

"மான்னு வெச்சுக்குவோம். மானை?"

"சிங்கம்."

"சிங்கத்தை?"

அவர் மேலே பார்த்தார். விசிறி உதவிக்கு வரவில்லை. "டாக்டர்" என்றார்.

"டாக்டரா?"

"சிங்கத்துக்கிட்ட யாரும் போக முடியாதும்மா. உடம்புக்கு முடியாம படுத்தாத்தான் உண்டு. படுத்துட்டா அப்புறம் எல்லாம் டாக்டர் கையிலதானே?"

குறட்டை நின்றது. "அக்கா, மாமா சொல்றது நூத்துக்கு நூறு. என் பல்லைப் பிடுங்கினவரு என்னை முழுசாத் தின்னுட்டுத்தான் விட்டாரு."

டீச்சர் நெற்றியில் கை வைத்தாள். கையை எடுத்தபோது கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது. சரியான பதில் வந்திருந்தால் 'வெரி குட்' என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். இந்தத் தப்பான பதிலுக்கு விளக்கம் தேவைப்பட்டது. சிங்கமும் ஒருநாள் செத்து விழும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்னும், கடைசியில் அது மண்ணுக்கு உரமாகும் என்று அவள் சொல்லச் சொல்ல, தன் குரல் இவ்வளவு நன்றாக இருப்பதை அவளே அப்போதுதான் கேட்டாள்.

மறுநாள் பறத்தல்.

"பறவை எதால பறக்குது?"

"இறக்கையால."

"வெரி குட்."

"இல்ல டீச்சர், ஒரு சந்தேகம்." அன்றிலிருந்து ஒத்திகையில் அவர் மனைவியை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "பறவைக்கு ரெண்டு இறக்கைதான். இதோ இதுக்கு மூணு இருக்கே. ராத்திரி பகலா அடிச்சுக்குது. ஏன் பறக்க மாட்டேங்குது?"

அவள் புத்தகத்தைப் புரட்டி, சக டீச்சர்களைக் கேட்டு, அடுத்த மாலை பதிலோடு வந்தாள். பறவை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பறவையை மேலே தள்ளுகிறது. விசிறியும் காற்றைக் கீழேதான் தள்ளுகிறது, காற்று அதையும் கொஞ்சம் மேலே தள்ளத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தள்ளல் அதன் கனத்துக்குக் காணாது.

"அப்ப இதைத் தொங்கவிட்ட கம்பி மட்டும் இல்லைன்னா?"

"கம்பி இல்லைன்னா அது பறக்காது. உங்க தலையில உக்காரும்."

கடலுக்கு வந்தபோதுதான் அவர் உச்சத்தைத் தொட்டார். திமிங்கிலம் மீன் என்றார். மீன் இல்லை, பாலூட்டி, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று அவள் சொன்னதும், அவர் முகம் உண்மையாகவே வாடிவிட்டது.

"தண்ணிக்குள்ளயேவா குடுக்கும்?"

"ஆமா."

"பால்காரர் ஒரு டம்ளர் தண்ணி கலந்தாலே நீ சண்டைக்குப் போற. அந்தக் குட்டி பாவம், ஒரு கடலையே கலந்து குடிக்குமே!"

தம்பி எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, இதுக்கு நீ பதில் சொல்லித்தான் ஆகணும்."

நூலகத்தில் அரைநாள் தேடி அதற்கும் பதில் கொண்டுவந்தாள். திமிங்கிலப் பால் தண்ணீர் மாதிரி இருக்காது, பற்பசை மாதிரி கெட்டியாக இருக்கும், எளிதில் கரையாது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்றபோது, "ரெண்டு ஸ்பேரா?" என்றார் அவர். ஸ்பேர் இல்லை, இரண்டு செவுளுக்கு ரத்தம் அனுப்பும், ஒன்று உடம்புக்கு அனுப்பும் என்று அதற்கும் ஒரு விளக்கம் பிறந்தது.

ஆக, அந்தப் பாடம் முழுக்க முழுக்க அவருடைய அறியாமையின் மேல் கட்டி எழுப்பப்பட்டது. கேள்வி, அவர் தப்பு, அவள் விளக்கம்; மறுபடி கேள்வி, அவர் தப்பு, அவள் விளக்கம். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு பீரியடுக்கு நூல் பிடித்த மாதிரி சரியாக வந்தது.

அவரும் மாணவனாக நன்றாக ஊறிவிட்டார். பேசுவதற்குக் கை தூக்கினார். ஒருநாள் சுண்டுவிரலைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, அது நம்ம வீட்டு பாத்ரூம்தான். போயிட்டு வாங்க" என்றான் தம்பி.

"அங்க என்ன பேச்சு?" என்றாள் டீச்சர். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

திமிங்கிலப் பால் கேள்விக்காக அவருடைய புறங்கையில் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டாள். மறுநாள் கடைக்கு மோட்டாரோடு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார்.

"பதில் சொன்னதுக்குக் குடுத்தது."

"சரியா சொன்னீங்களா?"

"சேச்சே, தப்பா!" என்றார் பெருமையாக.

ஆனால் ஒரு சங்கடத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் கேட்டுக்கேட்டு அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிருந்தது. திமிங்கிலம் என்ற சொல் காதில் விழுந்ததுமே பாலூட்டி நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு மீனை வெளியே எடுத்தார். காயில் சுற்றும்போது மறுநாளுக்கான தப்புகளை யோசித்து வைத்துக்கொண்டார். நல்ல தப்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைத் தேடியவர்களுக்குத்தான் தெரியும்.

அதிகாரி வருகிற நாளும் வந்தது. பகல் இடைவேளை நெருங்கும்போது கடையில் போன் அடித்தது.

"ஏங்க, உடனே ஸ்கூலுக்கு வாங்க."

"ஏம்மா, ஃபேன் ஓடலையா?"

"ஃபேன் நல்லா ஓடுது. பாடம்தான் ஓடலை."

நடந்தது இதுதான். அதிகாரி மதியம்தான் வருவார் என்பதால், தலைமையாசிரியை காலையிலேயே ஒருமுறை நடத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார். டீச்சர் ஆரம்பித்தாள். சிங்கத்தை யார் தின்பார்கள்? "நுண்ணுயிர்கள், மிஸ்!" என்று வகுப்பே கோரஸாகக் கத்தியது. திமிங்கிலம் மீனா? "பாலூட்டி, மிஸ்! பால் பேஸ்ட் மாதிரி இருக்கும், மிஸ்!" வீட்டில் கண்டுபிடித்ததையெல்லாம் ஆர்வம் தாங்காமல் மறுநாளே அவள் வகுப்பில் கொட்டியிருந்தாள். பிள்ளைகளும் ஒன்று விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். தப்பு செய்ய அங்கே ஆளில்லை. தப்பு இல்லாததால் விளக்கம் இல்லை. ஒரு பீரியட் பாடம் பால் பொங்குகிற நேரத்தில் முடிந்துபோயிற்று. அதன் பிறகு அவள் பிள்ளைகளைப் பார்க்க, பிள்ளைகள் அவளைப் பார்க்க, முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது: "மிஸ், இப்ப விளையாடப் போலாமா?"

கொஞ்சம் தப்பாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சியும் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெட்டைப்பின்னல் போட்ட ஒரு பெண், "தப்பா சொன்னா எங்கம்மா அடிப்பாங்க, மிஸ்" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தப் பக்கத்து வகுப்பு டீச்சர் வேற ரெண்டு வாரமா லீவு போட்டுட்டு வீட்டுல உக்காந்து ஒத்திகை பாக்குறாங்கபோல. நான் இங்க நிக்கிறேன். நீங்க வந்தாத்தான் உண்டு."

ஃபேன்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியவர் மீதியை மறந்துவிட்டு ஓடினார்.

தலைமையாசிரியை கண்டிப்பானவர். சட்டம் தெரிந்தவர். "வெளியாள் யாரும் வகுப்பில உக்காரக் கூடாது" என்றார். பிறகு ஃபேன்காரரின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த டெஸ்டரைப் பார்த்தார். "ரிப்பேருக்கு வந்தவர்னா வேற விஷயம்."

"ஆனா மேடம், ஃபேன்தான் நல்லா ஓடுதே?"

"கெடுங்க."

வாழ்நாளில் முதன்முறையாக அவர் நல்ல விசிறி ஒன்றைக் கெடுக்க ஏணி ஏறினார்.

அதிகாரி கழுத்தைச் சுற்றிக் கைக்குட்டை செருகிய கனத்த மனிதர். பின்பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் பெஞ்சின் மறுமுனை லேசாக எழும்பியது. விசிறி ஓடாததால் வந்த வேகத்திலேயே வேர்த்துக்கொட்டியது. "இந்த வேலையை இப்பவே செய்யணுமா?" என்று ஏணியைக் காட்டினார்.

"குழந்தைங்க பாதுகாப்பு, சார்" என்றார் தலைமையாசிரியை. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மேல் எந்த அதிகாரியும் பேச முடியாது.

பாடம் தொடங்கியது. புல், மான், சிங்கம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று.

"சிங்கத்தை யார் தின்னும்?"

எல்லாக் கையும் மேலே போயிற்று. டீச்சர் ஒரு கையையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள். கூரையிலிருந்து பதில் வந்தது.

"டாக்டர்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அதிகாரி நிமிர்ந்தார். "அவர் ஏன் பதில் சொல்றார்?"

"அவருக்கும் கொஞ்சம் ஆர்வம், சார்" என்றாள் டீச்சர். "ஏன் டாக்டர் இல்லைன்னு அவருக்கு யார் சொல்லப்போறீங்க?"

பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்று சொன்னார்கள். ஒருவன் ஏணியின் அடியிலேயே வந்து நின்று அண்ணாந்து சொன்னான். டீச்சர் கரும்பலகையில் வரைந்தாள். பாடம் நடந்தது. நடந்தது என்ன, ஓடியது. பறத்தலுக்கு ஃபேன்காரர் கழற்றிய இறக்கை ஒன்றைக் கையில் பிடித்து வீசிக்காட்டி, "மூணு இருந்தும் இது ஏன் பறக்கலைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியலை" என்றார். அதிகாரியே கைக்குட்டையை உருவி விசிறிக்கொண்டு, ஆமாம் ஏன் என்பதுபோல் டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் குரல் வீட்டில் கேட்ட அதே குரலாக மாறியிருந்தது. மேலிருந்து ஃபேன்காரர் ஒரு காதை மட்டும் அதற்குக் கொடுத்தார்.

அடுத்தது கடல். அவர் மீனைத் தயாராக நாக்கில் வைத்திருந்தார்.

"திமிங்கிலம் மீனா?"

டீச்சர் மேலே பார்ப்பதற்குள், முன்பல் விழுந்த ஒரு பயல் எழுந்தான். "மிஸ், மேல இருக்கிற அங்கிளைக் கேளுங்க. மீன்னு சொல்லுவாரு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது." கொஞ்சம் இரக்கத்தோடு அவனே சேர்த்துக்கொண்டான்: "பாவம் மிஸ், ஸ்கூலுக்கே போகலைபோல."

ஃபேன்காரரின் காது சுட்டது. எத்தனை மாலை, எத்தனை பாடம். புறங்கையில் நட்சத்திரம் வாங்கிய மனிதர் அவர். ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு, கையில் ஸ்பானரோடு, அவர் வாய் திறந்தது.

"மீன் இல்லை. பாலூட்டி!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. இத்தனை நாள் விழுங்கிய சரியான பதில்கள் எல்லாம் ஒன்றின் காலை ஒன்று பிடித்துக்கொண்டு வெளியே வந்தன. "நுரையீரல்ல மூச்சு விடும். அதுக்குத்தான் மேல வருது. பால் பேஸ்ட் மாதிரி கெட்டி, தண்ணியில கரையாது. ஆக்டோபஸுக்கு மூணு இதயம், ரெண்டு செவுளுக்கு, ஒண்ணு உடம்புக்கு. ஸ்பேர் எல்லாம் கிடையாது. ரத்தம் நீலம்!"

கடல் வற்றிவிட்டது. டீச்சர் அவரைப் பார்த்தாள். வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம் என்கிற பார்வை. அவர் மோட்டாருக்குள் புகுந்துகொள்ள இடமிருக்கிறதா என்று பார்த்தார்.

அதிகாரி பேனாவை மூடினார். "அப்ப பாடம் முடிஞ்சுது, இல்லையா?" பீரியடில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. டீச்சரின் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

அப்போது ரெட்டைப்பின்னல் எழுந்தாள். காலையில் அழுத அதே பெண். தப்பாகச் சொன்ன அங்கிளை யாரும் அடிக்கவில்லை, அவர் தப்பாகச் சொன்னபோதெல்லாம் வகுப்பு விளையாட்டு மைதானம் மாதிரி ஆனது, சரியாகச் சொன்னதும் செத்துப்போனது. இதையெல்லாம் அவள் கவனித்திருக்க வேண்டும்.

"மிஸ், சிங்கத்தைப் புல்லு தின்னும்."

முன்பல் விழுந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. "ஏன் அப்படிச் சொல்றே?"

"சிங்கம் செத்து மண்ணோட மண்ணாயிடும்னு சொன்னீங்கள்ல? அந்த மண்ணுலதானே புல்லு முளைக்குது? அப்ப புல்லு அதைத்தானே சாப்பிடுது?"

டீச்சர் திரும்பி, கரும்பலகையில் நேர்கோடாக இருந்த சங்கிலியின் கடைசியிலிருந்து முதலுக்கு ஒரு பெரிய வளைவு போட்டாள். சங்கிலி வட்டமாகிவிட்டது. "புல்லுக்கு வாயில்லை, சூரிய வெளிச்சத்துலதான் அது சமைக்குது. ஆனா அந்தச் சமையலுக்கு உப்பு போடுறது சிங்கம்தான்" என்றாள்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. தப்பாகச் சொல்ல முண்டியடித்தார்கள். "மிஸ், திமிங்கிலம் பறக்கும்!" என்றான் முன்பல் விழுந்தவன். எப்படி என்றதற்கு, "காக்கா காத்தைத் தள்ளுது, திமிங்கிலம் வாலால தண்ணியைத் தள்ளுது. அப்ப அது தண்ணிக்குள்ள பறக்குது" என்றான். "மீனுக்குத் தாகம் எடுக்குமா?" என்று ஒருத்தி. "மீன் குளிக்குமா?" என்று இன்னொருத்தி. "வௌவால் தலைகீழா தொங்கறதால அதோட ஆகாசம் கீழயா இருக்கும்?" என்று இதுவரை வாயே திறக்காத ஒருவன். ஒவ்வொன்றுக்கும் டீச்சர் ஓடினாள், வரைந்தாள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி நாளைக்குப் பார்த்து வருவதாக ஒத்துக்கொண்டாள். ஏணியின் மேல் ஒரு கை எழுந்தது.

"மேல இருக்கிறவங்க பேசக் கூடாது" என்றாள் டீச்சர். கை இறங்கியது.

மணி அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை.

அதிகாரி வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்று தலைமையாசிரியையிடம் பேசியது, கூரையோர ஜன்னலுக்கு நேராக இருந்த ஃபேன்காரருக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

"எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்திருக்கேன், மேடம். இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை. சிங்கத்தைப் புல் தின்னுதாம். திமிங்கிலம் பறக்குதாம்."

"சார், காலையில எல்லாம் சரியாத்தான் சொன்னாங்க..."

"இருக்கட்டும். எல்லாம் தெரிஞ்ச பிள்ளைங்கன்னா டீச்சர் எதுக்கு? இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியலை. ஆனா அந்தம்மா அசரலையே! இவங்களை நிரந்தரம் பண்ணுங்க. இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்க வேற யார் வருவா?" நாலு எட்டு நடந்தவர் திரும்பினார். "உள்ள ஒருத்தருக்குத்தான் கொஞ்சம் விஷயம் தெரியுது. அந்த ஃபேன் ரிப்பேர்காரர். அவர் எங்க படிச்சார்னு விசாரிங்க."

ஃபேன்காரர் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார். இறக்கைகளைத் திருப்பி மாட்டும்போது ஒரு திருகைப் போட மறந்து, மறுபடி ஏறிப் போட்டார்.

மாலையில் டீச்சர் அவர் முன்னால் தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். பிறகு தாங்க மாட்டாமல், "யாரு உங்களைச் சரியா சொல்லச் சொன்னது?" என்றாள்.

"அந்தப் பல்லுவிழுந்த பய என்னைப் பாவம்னுட்டாம்மா."

"அதுக்கு?"

"எல்லார் முன்னாடியும்."

அவள் அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சோற்றுக் கையோடு சிரித்தாள். சிரிப்பு நடுவில் ஓர் இடத்தில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி நின்றது.

"அக்கா, மாமா பாஸ் ஆயிட்டாரு. நாலாம் கிளாஸுக்கு அனுப்பிடு" என்றான் தம்பி. "முக்காலி பத்தாது, பெஞ்சு வாங்கணும்."

அடுத்த மாதம் அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. பக்கத்து வகுப்பு டீச்சரை அதன் பிறகும் பள்ளிக்கூடத்தில் யாரும் பார்க்கவில்லை. தன்னால்தான் ஒருத்திக்கு வேலை போயிற்றோ என்று டீச்சருக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஃபேன்காரருக்கு அதைவிடக் கூடுதலாக உறுத்தியது. ஏணியில் ஏறி ஏமாற்றியவர் அவர்தானே.

கோடை முற்றிய பிறகு, நாலு தெரு தள்ளி ஒரு வீட்டில் விசிறி சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அம்மா, "நீங்க அந்த மூணாம் வகுப்பு டீச்சர் வீட்டுக்காரர்தானே?" என்றாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறாளாம். அவள்தான் பக்கத்து வகுப்பு டீச்சர்.

ஃபேன்காரர் குடிக்காமலேயே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்குக் கிடைச்சிருக்க வேண்டிய வேலைம்மா அது" என்று எப்படியோ சொல்லிவிட்டார்.

"எனக்கா? நல்லா சொன்னீங்க! நானும் இவரை எதிர்ல உக்கார வெச்சுத்தான் ஒத்திகை பாத்தேன்." சாய்வு நாற்காலியில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த கணவரைக் கையால் காட்டினாள். "எதைக் கேட்டாலும் டக்குனு சரியா சொல்லிடுவார். திமிங்கிலம், நுண்ணுயிர், மூணு இதயம், எல்லாம். நான் சொல்லிக்குடுக்க ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கலை. இந்த வேலையே நமக்கு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். ஹெச்.எம். சொல்லலையா? அதிகாரி வர்றதுக்கு முந்தின வாரமே விலகிட்டேனே. இருந்தது உங்க வீட்டம்மா ஒருத்திதான், அவங்களுக்குத்தான் அந்த இடம்னு அன்னிக்கே முடிவாயிடுச்சு."

"முந்தின வாரம் இல்லை" என்றது செய்தித்தாள். "அதுக்கும் முந்தின வாரம்."